பழுப்பு நிலக்கரி ரியாக்டர் முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை டொலுவீன் என்ற கரைப்பானோடு சேர்த்து ரியாக்டர் என்னும் அழுத்தக் கலனில் அடைத்து, 400 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, திரவ எரிபொருளுக்கான எண்ணெயையும் தாரையும் கரைத்தெடுக்கும் ஆய்வு எங்கள் சேலத்து ஆய்வகத்தில் தொடர்ந்து நடக்கிறது. 318.6 டிகிரியையும் 41 பார் அழுத்தத்தையும் தாண்டினால் டொலுவீன் சூப்பர்கிரிட்டிக்கல் நிலையை, அதாவது திரவம், ஆவி என்ற வேறுபாடு மறையும் நிலையை, அடைந்துவிடும். அந்த எல்லையைத்தான் கீழே நிலைமாறு எல்லை என்கிறேன். இந்தக் குறிப்புக்கு அந்த அளவு கோட்பாடு போதும். ரியாக்டரைப் பராமரிப்பது என் பொறுப்பு. ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் வருகிறார்கள். பழைய பழுதுகளே திரும்பவும் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை வேதியியல் சிக்கல்கள் அல்ல. கரியில் ஈரம், ஊற்றிய அளவில் பிசகு, குழாயில் அடைப்பு ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டுவதற்கு முன் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

கீழே வரும் எண்கள் 500 மில்லி கொள்ளளவுள்ள, 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலால் ஆன, மேக்னடிக் டிரைவ் (உள்ளே இருக்கும் ஸ்டிரரை, அதாவது கலக்கியை, வெளியிலிருந்து காந்தத்தால் சுழற்றும் பொறி) பொருத்திய ரியாக்டருக்கானவை. உங்கள் கலன் வேறு என்றால் கணக்கையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்தச் சோதனைக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. கலன் சூடாக இருக்கும்போதும் உள்ளே அழுத்தம் இருக்கும்போதும் எந்த நட்டையும் தொடக் கூடாது. முடுக்கவும் கூடாது, தளர்த்தவும் கூடாது. டொலுவீன் 4 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் திரவம்; சேலத்தில் அந்த அபாயம் இல்லாத மாதமே கிடையாது. கசிவு என்று தெரிந்தால் ஹீட்டரை அணைத்துவிட்டு, பாதுகாப்புத் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து நில்லுங்கள். மற்றதெல்லாம் ஆறிய பிறகு.

அறிகுறி 1: சூடு ஏறுகிறது, அழுத்தம் ஏறவில்லை

*முள் அசையவே இல்லை என்றால்*

முதலில் வெளியேற்றும் வால்வைப் பாருங்கள். நைட்ரஜன் செலுத்திக் காற்றை வெளியேற்றிய பிறகு அதை மூட மறந்துவிடுவது வழக்கமாக நடக்கிறது. ஃபியூம் ஹூடில் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டில்) டொலுவீன் வாடை தூக்கலாக இருந்தால் இதுதான் காரணம். ஹீட்டரை அணைத்து, ஆறவிட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள். பாதி ஆவியாகிப் போன கரைப்பானை வைத்துக்கொண்டு சோதனையைத் தொடர்ந்தால் கிடைக்கும் எண் எதற்கும் உதவாது.

வால்வு மூடியிருந்தும் முள் அசையவில்லை என்றால், பிரஷர் கேஜுக்குப் போகும் குழாய் தாரால் அடைபட்டிருக்கலாம். இது ஆபத்தான நிலை. உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும், கேஜ் மட்டும் சும்மா இருக்கும். உடனே ஹீட்டரை அணைத்துவிட்டு அறிகுறி 6-க்குப் போங்கள்.

*ஏறுகிறது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்றால்*

ஊற்றிய அளவைச் சரிபாருங்கள். டொலுவீனின் நிலைமாறு அடர்த்தி, அதாவது அந்த எல்லையில் அதற்குள்ள அடர்த்தி, மில்லிக்கு 0.29 கிராம். 500 மில்லி கலனில் அந்த அடர்த்தி வர ஏறத்தாழ 146 கிராம், அதாவது 170 மில்லியை ஒட்டி ஊற்ற வேண்டும். அப்படி ஊற்றினால் 400 டிகிரியில் முள் 80 பாரை ஒட்டி நிற்கும். 100 மில்லி மட்டும் ஊற்றிவிட்டு 80 பார் வரவில்லையே என்று கவலைப்படுவதில் பயனில்லை.

அடுத்து, என்ன கரைப்பான் என்று பாட்டிலைப் பாருங்கள். டெட்ராலினின் நிலைமாறு வெப்பநிலை 447 டிகிரியை ஒட்டியது. 400-ல் அது சூப்பர்கிரிட்டிக்கல் நிலைக்கு வருவதில்லை. அழுத்தமும் குறைவாகவே இருக்கும். அது பழுதல்ல. எத்தனாலில் நிலைமை வேறு: 241 டிகிரி, 61 பார். டொலுவீனுக்கு எழுதிய அட்டவணையை வைத்துக்கொண்டு வேறு கரைப்பானை ஓட்டாதீர்கள்.

இரண்டும் சரியாக இருந்தால் மிச்சம் கசிவுதான்.

அறிகுறி 2: ஏறிய அழுத்தம் மெல்ல இறங்குகிறது

கசிவைச் சூட்டில் தேடாதீர்கள். கலனை ஆறவிட்டு, அழுத்தத்தை வெளியேற்றி, காலி செய்து, வெறும் நைட்ரஜனை 50 பார் வரை ஏற்றி, சிலிண்டர் வால்வை மூடிவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். முள் இறங்கினால் சோப்புக் கரைசலைத் தூரிகையால் தடவுங்கள். பெரிய கசிவு நுரையைத் தள்ளிக்கொண்டு வரும். அதைக் கண்டுபிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். ஏமாற்றுவது சிறு கசிவு. இணைப்பின் ஓரத்தில் கடுகளவு குமிழ் ஒன்று வரும், சற்று நேரம் நிற்கும், உடையும், அதே இடத்தில் இன்னொன்று வரும். ஒவ்வோர் இணைப்பையும் பொறுமையாக உற்றுப் பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது.

காரணங்களைச் செலவு குறைந்ததிலிருந்து பார்ப்போம்.

போல்ட்டுகளின் முடுக்கம் சீராக இல்லாமல் இருப்பது முதல் காரணம். வட்டமாக வரிசையில் முடுக்கினால் மூடி ஒரு பக்கம் சாயும். எதிரெதிராக, டார்க் ரெஞ்சால், மூன்று நான்கு சுற்றுகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். நீளமான குழாயை ஸ்பேனரில் செருகிப் பலமெல்லாம் கொடுத்து முடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது கேஸ்கெட்டை மட்டுமல்ல, போல்ட்டையும் கெடுக்கும்.

கேஸ்கெட் இருக்கும் பள்ளத்தில் கரித்துகள் கிடப்பது அடுத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் போதும். டொலுவீனில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் இடறும் இடத்தில் ஏதோ இருக்கிறது.

மூன்றாவது, தவறான கேஸ்கெட். டெஃப்லான் கேஸ்கெட் 260 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்காது, 327-ல் உருகும். கழற்றிப் பார்த்தால் விளிம்பு வழிந்து மெழுகுபோல் பிதுங்கியிருக்கும். 400 டிகிரி வேலைக்கு கிராஃபைட் அல்லது தாமிர கேஸ்கெட் போடுங்கள். தாமிர வளையத்தை நல்ல லேத் பட்டறையில் செய்துவாங்கலாம். போல்ட்டை அப்படிச் செய்துவாங்கக் கூடாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் போல்ட்டின் உலோகமும் கடினத்தன்மையும் என்னவென்று கடைக்காரருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

பள்ளத்தில் குறுக்காக ஓடும் கீறல் தெரிந்தால், மூடிக்கும் கலனுக்கும் பொருந்தும் முகம் கெட்டிருந்தால், அங்கே நிறுத்திக்கொண்டு தயாரிப்பாளரின் சர்வீஸ் ஆளை அழையுங்கள். எமரி தாளால் தேய்த்துச் சரிசெய்ய முயல வேண்டாம்.

அறிகுறி 3: அழுத்தம் அளவுக்கு மீறி ஏறுகிறது

உடனே செய்ய வேண்டியது ஹீட்டரை அணைப்பது மட்டும். ஸ்டிரர் ஓடட்டும். வெளியேற்றும் வால்வை அவசரமாகத் திறக்காதீர்கள். 400 டிகிரி டொலுவீன் ஆவி ஒரேயடியாக வெளியே வருவது அழுத்தத்தைவிடப் பெரிய ஆபத்து. ரப்ச்சர் டிஸ்க் (அழுத்தம் எல்லை மீறினால் கிழிந்து வழிவிடும் உலோகத் தகடு) இருப்பது இப்படிப்பட்ட நேரத்துக்குத்தான். அதன் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

ஆறிய பிறகு காரணத்தைத் தேடும்போது, கரியின் ஈரத்தில் தொடங்குங்கள். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி சுரங்கத்திலிருந்து வரும்போது அதன் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். தொட்டால் ஈரமாகத் தெரியாது, பொடி உதிரியாகவே இருக்கும். அதுதான் ஏமாற்றுகிறது. 20 கிராம் ஈரக் கரியைப் போட்டால் 10 கிராம் தண்ணீரையும் சேர்த்துப் போடுகிறீர்கள். நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: 500 மில்லி கலனில் 400 டிகிரியில் அந்தத் தண்ணீர் மட்டும் 60 பாரை ஒட்டிச் சேர்க்கும். டொலுவீனின் 80-ஓடு அதைக் கூட்டினால் முள் ஏன் அங்கே போனது என்பது விளங்கிவிடும்.

உலர்த்துவதை வாக்குவம் அவனிலோ நைட்ரஜன் ஓட்டத்திலோ 105 டிகிரியில் செய்யுங்கள். சாதாரண அவனில் இரவு முழுக்க விட்டால் கரி காற்றோடு வினைபுரிந்து கெட்டுப்போகும். அதன் விளைவு அறிகுறி 7-ல் தெரியும். உலர்த்திய கரியை உடனே டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலத்தில்) வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஏற்காட்டு அடிவாரக் காற்றில் திறந்து வைத்தால் விட்ட ஈரத்தில் பெரும்பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். நேற்று உலர்த்தியது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. எடை போடும் அன்றே ஒரு சிட்டிகையை எடுத்து ஈரம் அளந்து நோட்டில் எழுதினால்தான் கலனை மூடவிடுவேன்.

அடுத்த காரணம், அதிகம் ஊற்றியது. கலனில் மூன்றில் இரண்டு பங்கு வரை நிரப்பலாம் என்ற பொது விதியை மாணவர்கள் படித்திருக்கிறார்கள். நிலைமாறு எல்லையைத் தாண்டாத வேலைகளுக்கு அது சரி. இங்கே அதைக் கடைப்பிடித்தால் அடர்த்தி இருமடங்காகி, 400 டிகிரியில் அழுத்தம் 200 பாரைத் தாண்டிவிடும். டொலுவீன் வேலையில் மூன்றில் ஒரு பங்கு என்பதே என் எல்லை.

ஈரமும் இல்லை, அளவும் சரி, ஆனாலும் அழுத்தம் ஏறுகிறது என்றால் வெப்பநிலை பொய்யாக இருக்கலாம். அடுத்த அறிகுறியைப் படியுங்கள்.

கலனின் வடிவமைப்பு அழுத்தத்தை ஒருமுறை தாண்டிவிட்டால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், நீரழுத்தச் சோதனையும், சாயம் தடவி நுண்விரிசல் தேடும் சாய ஊடுருவல் சோதனையும் செய்யாமல் அதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. உலோகச் சோதனை செய்யும் தகுதி பெற்ற ஆய்வாளரை வரவழையுங்கள்.

அறிகுறி 4: வெப்பநிலை நம்பும்படி இல்லை

*சூடாக்கச் சூடாக்க எண் குறைகிறது என்றால்* வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிளின் ஒயர்கள் மாறியிருக்கின்றன. மாற்றிப் பொருத்துங்கள், அவ்வளவுதான்.

*எண் ஏறுகிறது, ஆனால் மெதுவாக ஏறுகிறது, அழுத்தமோ அதிகம் என்றால்* கன்ட்ரோலரில் எந்த வகை தெர்மோகப்பிள் என்று வைத்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். கே வகையைப் பொருத்திவிட்டு அமைப்பில் ஜே என்று இருந்தால், உள்ளே 400 டிகிரி இருக்கும்போது திரையில் 300-ஐ ஒட்டித்தான் காட்டும். நீங்கள் 400 என்று வைத்தால் கலன் 500-ஐத் தாண்டிப் போகும். அந்தச் சூட்டில் எஃகின் வலிமையும் குறைந்திருக்கும். அறை வெப்பநிலையில் இந்தத் தவறு தெரியவே தெரியாது, இரண்டு வகையும் ஒரே எண்ணைக் காட்டும். கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். சேலத்தில் 99 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும். 85-ஐ ஒட்டி நின்றால் அமைப்பு தவறு. இதே சோதனையை ஏற்காட்டில் செய்பவர்கள் 95 வந்தால் பதற வேண்டாம், அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே அங்குதான்.

*அமைப்பும் சரி என்றால்* தெர்மோகப்பிள் அதன் குழாயின் அடிவரை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு விரற்கடை மேலே நின்றாலும் கரைப்பானின் சூட்டை அளக்காமல் மூடியின் சூட்டை அளந்துகொண்டிருக்கும்.

*வைத்த எண்ணைத் தாண்டிப் போகிறது என்றால்* அது கனமான கலனின் இயல்பு. 350-ல் ஒருமுறை நிறுத்தி, பிறகு 400-க்கு ஏற்றுங்கள். கன்ட்ரோலரைத் தானாகச் சீராக்கும் வசதி இருந்தால் டொலுவீன் ஊற்றிய கலனில் அதைச் செய்ய வேண்டும்; வெறுங்கலனில் செய்தது பொருந்தாது.

ஹீட்டர் அணைய மறுத்தால் ரிலே ஒட்டிக்கொண்டுவிட்டது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

அறிகுறி 5: ஸ்டிரர் நின்றுவிட்டது

மேக்னடிக் டிரைவுக்குப் போகும் குளிர்நீரைத் தொட்டுப் பாருங்கள். வெளியே வரும் தண்ணீர் சுட்டாலோ சொட்டாக வந்தாலோ உள்ளே உப்புப் படிந்திருக்கிறது. எங்கள் போர்வெல் தண்ணீர் கடினத் தண்ணீர். நேராகக் குழாயிலிருந்து கொடுத்தால் சில மாதங்களில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். சிறு தொட்டி, பம்பு, காய்ச்சி வடித்த தண்ணீர் என்று தனிச் சுழற்சி அமைத்துக்கொள்ளுங்கள். சூடான காந்தம் வலுவிழந்தால் திரும்ப வராது, டிரைவையே மாற்ற வேண்டியிருக்கும். இந்தப் பட்டியலில் பெருஞ்செலவு வைப்பது அதுதான்.

குளிர்நீர் சரி என்றால், ஆறிய பின் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று இருந்தால் புஷ்ஷுக்குள் கரித்துகள் புகுந்திருக்கிறது. டிரைவைப் பிரிப்பது சர்வீஸ் ஆளின் வேலை.

மின்வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சித்திரை, வைகாசி இடிமழையில் மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது சில கன்ட்ரோலர்கள் ஹீட்டரை மட்டும் தானாக முழுவேகத்தில் தொடங்கும். ஸ்டிரரும் பம்பும் நின்றே கிடக்கும். மின்சாரம் வந்தாலும் ஆள் வந்து பொத்தானை அழுத்தினால்தான் ஹீட்டர் எரிய வேண்டும் என்று காண்டாக்டர் என்னும் மின்சுவிட்ச் ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். செலவு சொற்பம்.

அறிகுறி 6: வால்வைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை

"கேஜ் பூஜ்யம் காட்டுகிறது, வால்விலும் ஒன்றும் வரவில்லை. திறந்துவிடலாமா சார்?" இந்தக் கேள்வி காதில் விழுந்தால் நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். பதில்: திறக்கக் கூடாது.

ஆறிய கலனிலும் கொஞ்சம் அழுத்தம் இருந்தே தீரும். பழுப்பு நிலக்கரி சூட்டில் கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், ஹைட்ரஜன் சல்ஃபைடு எல்லாம் விடும். அவை ஆறினாலும் திரவமாகிவிடுவதில்லை. ஆகவே ஒரு சோதனை முடிந்து கேஜ் சரியாகப் பூஜ்யத்தில் நின்றால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். கசிந்து காலியாகியிருக்கலாம், அல்லது கேஜ் குழாய் அடைபட்டிருக்கலாம். எது என்று அறிய நோட்டைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையையும் அழுத்தத்தையும் எழுதியிருந்தால், வெப்பநிலை மாறும்போது அழுத்தம் மட்டும் எந்த இடத்தில் அசையாமல் நின்றது என்பது தெரியும். அந்த நேரத்தில்தான் அடைப்பு விழுந்திருக்கிறது.

*அடைப்பு வால்வில் மட்டும், கேஜ் வேலை செய்கிறது என்றால்*

கலன் அறை வெப்பநிலைக்கு வரட்டும். வெளியேற்றும் குழாயை மட்டும், ஃபியூம் ஹூடுக்குள், வெப்ப நாடா சுற்றி மெதுவாகச் சூடாக்குங்கள். தார் இளகினால் வாயு தானாக வரத் தொடங்கும். வால்வைக் கால் சுற்றுக்கு மேல் திறக்காதீர்கள். அடைப்பு பட்டென்று விடுபட்டால் தாரும் கரைப்பானும் பீய்ச்சியடிக்கும். கம்பி விட்டுக் குத்துவது எந்த நிலையிலும் கூடாது.

டெட்ராலின் பயன்படுத்தியவர்கள் குழாயின் குளிர்ந்த முனையில் வெள்ளை ஊசிப் படிகங்களைப் பார்ப்பார்கள். அந்துருண்டை வாடை அடிக்கும். ஹைட்ரஜனைக் கரிக்குக் கொடுத்துவிட்ட டெட்ராலின் நாப்தலீனாக மாறியிருக்கிறது; அது 80 டிகிரியில் உருகிவிடும். அந்த அடைப்புக்கு 100 டிகிரிச் சூடு போதும். தாருக்கு 200 வரை போக வேண்டியிருக்கும்.

*கேஜும் அசையவில்லை, வால்விலும் வரவில்லை என்றால்*

உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று யாருக்கும் தெரியாது. அறையைக் காலிசெய்து, கதவில் எழுதி ஒட்டிவிட்டு, தயாரிப்பாளரின் சர்வீஸ் ஆளை அழையுங்கள். போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்திப் பார்ப்போம் என்று யார் சொன்னாலும், அவர் எத்தனை மூத்தவராக இருந்தாலும், மறுத்துவிடுங்கள்.

வெளியேற்றும்போது அழுகிய முட்டை வாடை அடித்து, பிறகு வாடை நின்றுவிட்டால், வாயு போய்விட்டது என்று எண்ணாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். அந்த வாயுவைக் காட்டும் அளவி இல்லாமல் இந்த வேலை செய்யக் கூடாது. யாராவது மயங்கினால் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடாதீர்கள்; தீயணைப்புத் துறையை 101-ல் அழையுங்கள்.

திரும்ப அடைக்காமல் இருக்க, வால்வுக்கு முன்னால் உலோகச் சல்லடை வடிகட்டியைப் பொருத்தி, ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் டெட்ராஹைட்ரோஃபியூரானால் குழாய்களைக் கழுவுங்கள். டொலுவீன் மட்டும் போதாது. தாரின் கனமான பகுதி அதில் கரையாது.

அறிகுறி 7: எண்ணெயின் கணக்கு உதைக்கிறது

*மிகக் குறைவாக வருகிறது என்றால்* முதலில் கரியின் வயதைப் பாருங்கள். பொடியாக்கிக் காற்றுப்பட வைத்த பழைய கரி குறைவாகத்தான் கொடுக்கும். புதிதாக அரைத்து, நைட்ரஜன் நிரப்பிய பாட்டிலில் வைத்ததை எடுத்துத் திரும்ப ஓட்டுங்கள். அடுத்து சூடேறும் நேரம். சூட்டில் உடைந்த கரி மூலக்கூறுத் துண்டுகள் கரைவதற்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கரியாகவே திரும்பிவிடும். மெதுவாக ஏற்றினால் இது கூடும். கலனின் அடியில் உலோகத்தோடு ஒட்டிய பளபளப்பான கறுப்புப் படலம் இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. டொலுவீனோடு கொஞ்சம் டெட்ராலின் சேர்த்துப் பார்க்கலாம். ஹைட்ரஜன் கொடுத்து அந்த ஒட்டுதலைத் தடுக்கும்.

*நம்ப முடியாத அளவுக்கு அதிகமாக வருகிறது என்றால்* மகிழ்ச்சியில் வழிகாட்டியிடம் ஓடுவதற்கு முன் இரண்டைப் பாருங்கள். கரைப்பானை ஆவியாக்கிப் பிரிக்கும் ரோட்டரி எவாப்பரேட்டரில் டொலுவீன் முழுக்கப் போகவில்லை என்றால் அதன் எடையும் எண்ணெயாகக் கணக்கில் ஏறும். எடை மாறாத வரை திரும்பத் திரும்ப உலர்த்துங்கள். அடுத்து, வடிதாளில் நுண்கரி தப்பி வந்திருக்கிறதா என்று அறிய, ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். நல்ல கரைசல் பழுப்பாகச் சீராகப் பரவும். கரி கலந்தது நடுவில் கறுப்புப் பொட்டாக நின்று, சுற்றி மட்டும் வெளிர்நிறமாகப் பரவும்.

விளைச்சலை ஈரமும் சாம்பலும் கழித்த கரியின் எடைக்குத்தான் கணக்கிட வேண்டும். ஈரக் கரியின் எடையால் வகுத்துவிட்டு விளைச்சல் பாதியாகிவிட்டது என்று வருபவர்களுக்கு ரியாக்டரில் எந்தப் பழுதும் இல்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் எண் மாறி மாறி வந்தால், எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் நிறைய ஊற்றி, மேலே நைட்ரஜன் விட்டு மூடி, குளிரில் வைத்து, கேஸ் குரோமட்டோகிராஃப் (கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் கருவி) உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கூடவே அந்தச் சோதனையின் வெப்பநிலை, அழுத்தப் பதிவுத் தாளையும் இணையுங்கள். அது இல்லாமல் எண்ணெயை மட்டும் பார்த்து அவர்களால் ஒன்றும் சொல்ல முடியாது.